கம்பம் நாற்பத்தொன்று

சால்மி சாலை, எண்பத்தாறாவது கிலோமீட்டர்.
மின்கம்பத்துக்கு முளையடித்த இடத்திலிருந்து
நாலு எட்டு வடக்கே.
காலை பதினொன்றுக்கு நான் எழுதியது:
‘சிறு செடி. பூ வாடியது. பெயர் தெரியவில்லை.’

இதழெல்லாம் உள்ளே சுருண்டு
பீடிக்கட்டில் மிஞ்சிய நூல்போல இருந்தது.
யாராயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

முப்பது மீட்டர் டேப்பை அங்கேயே மறந்துவிட்டேன்.
அதற்காகத்தான் திரும்பினோம்.
குல்பாஸ் வழியெல்லாம் பஷ்தூவில் முணுமுணுத்தான்,
நான் அர்த்தம் கேட்கவில்லை.

வெயில் சரிந்து
மணலின் மடிப்புக்கெல்லாம் நிழல் வந்திருந்தது.
டேப் கிடந்தது. பக்கத்தில்,
காலையில் நான் சாகடித்த செடி
வெள்ளை வெளேரென்று விழித்திருந்தது.

மண்டியிட்டேன். ஒரு சாண்கூட இல்லை.
தும்பை வெள்ளைதான், ஆனால் தும்பைக்கு உதடு இருக்கும்,
இதற்கு வட்டமுகம்.
தண்டில் நாய்வேளையின் பிசுக்கு,
நாய்வேளையோ மஞ்சள்.
தெரிந்த செடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கூப்பிட்டேன்.
எதற்கும் அது திரும்பவில்லை.

டாக்டர் இக்லாஸுக்கு ஃபோன் போட்டேன்.
காய்ச்சலில் தொண்டை அடைத்திருந்தது அவருக்கு.
“இதழ் எத்தனை?”
பத்து.
“நுனியில் எண்ணாதே. கழுத்தில் எண்ணு.”

நகத்தால் விலக்கி அடிவரை போனேன்.
ஒன்று, இரண்டாய்ப் பிளந்திருந்தது.
அடுத்ததும்.
ஐந்துதான்.

“இலையில் மணல்?”
அப்பியிருக்கிறது, தட்டினாலும் போகவில்லை.
“அப்போது தர்பா,” என்றார். இருமினார்.
“துராப் என்றால் மண். மண்ணைப் பூசிக்கொள்கிறவள்.
பகலில் மூடிக்கொள்வாள்.
ஒரு மழைக்கு வருவாள், வெயில் ஏறினால் முடிந்தது.”

படிவத்தில் அடுத்த கட்டம்:
உள்ளூரா, வெளியிலிருந்து வந்ததா?
பேனா கொஞ்சம் நின்றது.
இரண்டு வருட ஒப்பந்தம், ஒட்டிய மணல்...
உவமை தானாக வந்து கதவைத் தட்டியது.
திறக்கவில்லை.
இதற்கு அக்காமா இல்லை, வேண்டியதும் இல்லை.
மழை பொய்த்த ஆண்டுகளையும்
இதன் விதை இங்கேதான் படுத்துக் கழித்திருக்கும்.
‘உள்ளூர்’ என்று எழுதினேன்.

‘வாடியது’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம்: அமலதாஸ் என்பதற்கு ‘அ.’
எண்ணிக்கை: ஒன்று.

நிமிர்ந்தால்
குல்பாஸ் வண்டிச் சாவியோடு
ஒற்றைக்காலில் நிற்கிறான்.
மற்றக் காலை வைக்க இடமில்லை.
அவன் செருப்புக்கு இந்தப் பக்கம் மூன்று,
அந்தப் பக்கம் ஒன்று,
முளையின் அடியில், காலையில் வந்த டயர்த் தடத்தில்,
டேப் கிடந்த இடத்திலேயே இரண்டு.

இருட்டும்வரை எண்ணினோம்,
அவன் பஷ்தூவில், நான் தமிழில்,
நடுவில் இரண்டு தடவை தப்பி, முதலிலிருந்து.
அவனுக்கு நூற்றுப் பதினான்கு, எனக்கு நூற்றுப் பன்னிரண்டு.
அவன் கணக்கையே போட்டேன்.

கம்பம் நகருமா, தெரியாது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
மடிக்கும்போதுதான் பார்த்தேன்,
என் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம்
தாளில் மணல்.
நாளைக்கு ஸ்கேன் எடுக்கும் பையன்
அழுக்கு என்று ஊதுவான்.
போகாது.