கூடுதல் நேரம்

என் மேசைக்கு வரும்போது
ஷூவுக்கு இன்னும் கால் கிடைத்திருக்காது.
மணிக்கு எண்பது ஜோடி.
தையல் பிசகு, பசைக் கறை, தோலில் கொசுக்கடி வடு,
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டு, தள்ளு.
பதினாலு வருஷம் ஆம்பூரில் இதே மேசை.
எந்தக் குளிர் ஊரில் யார் போட்டுக்கொண்டு
யார் கல்யாணத்துக்குப் போகிறார்களோ.
ஒரு ஜோடிகூட நடந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு வேறு கதை.
பாலாற்று மணலை ஒட்டிய மைதானத்தில்
சுண்ணாம்பு தீர்ந்துபோய்
பெனால்டி பெட்டிக்கு மூன்று கோடுதான்.
நாலாவதை எல்லோரும் நினைத்துக்கொள்ள வேண்டும்.
கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில்,
ஓடுகிறேன், பின்னோக்கியும் ஓடுகிறேன்.

போன மாசம் பேரணாம்பட்டுப் பையன் ஒருத்தன்
அந்தப் பெட்டிக்குள் விழுந்தான்.
தள்ளினார்களா, தானாக விழுந்தானா?
யோசிக்க எனக்கு இருந்தது ஒரு மூச்சு.
"பொம்பளைக்கு இன்னா தெரியும்?" என்று
கோட்டுக்கு வெளியே ஒரு துண்டு எழுந்தது.
வெள்ளைப் புள்ளியைக் காட்டினேன்.
கை நடுங்கவில்லை.

அதே கைதான்
பதினோரு மாசமாக ஒரு தாளை
டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுபோகிறது,
கொண்டுவருகிறது.
ஒருமுறை சாம்பார் பட்டது. திரும்ப எழுதினேன்.
'ஐயா, என் சொந்தக் காரணங்களால்' வரைக்கும்
இப்போது பார்க்காமலே எழுத வரும்.

அருள்நாதன் காலண்டர் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
பி.எஃப். இவ்வளவு. வீட்டு லோன் இன்னும் ஆறு வருஷம்.
ஜெபாவின் இழுப்புக்கு ஈ.எஸ்.ஐ. மருந்து.
அந்தப் பக்கம்
ஆட்டத்துக்கு எண்ணூறு, பஸ் காசு தனி,
சில ஊரில் தனி இல்லை,
மழை வந்தால் எதுவுமே இல்லை.
கோட்டை இழுத்துவிட்டு, கூட்டாமல் பேனாவை மூடினார்.
"வேணாம்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.
வேணும் என்றும் சொல்லவில்லை.

தப்பைப் பார்த்துவிட்டும்
இரண்டு கையையும் முன்னால் நீட்டி
'போ, ஆடு' என்று விடுவது உண்டு எங்கள் விதியில்.
விசில் ஊதினால்
அடி வாங்கியவனுக்கே நஷ்டம் ஆகும் நேரத்தில்.
அட்வான்டேஜ் என்று பெயர்.
ஆனால் அதற்கும் சில நொடிதான் கணக்கு.
பதினோரு மாசம் கையை நீட்டியபடி நிற்க
எந்தப் புத்தகத்திலும் இடமில்லை.

அடுத்த கிரேடு தேர்வு சென்னையில், பத்து நாள்.
லீவு கேட்டேன்.
"ஷிப்மென்ட் கீதும்மா" என்றார் குப்புராஜ் சார்,
"ரெண்டு நாள் வேணா பார்க்கலாம்."
கெட்ட மனுஷர் இல்லை.
ஜெபா பிறந்தபோது
என் மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர்.
அதுதான் கஷ்டம்.

நேற்று ஓ.டி.
ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பெட்டியைத் திறந்தால்
உள்ளே இரண்டும் இடது.
நாற்பத்திரண்டாம் சைஸ், நல்ல பழுப்பு.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
இரண்டிலும் ஒரு குறை இல்லை.
மஞ்சள் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு
எதன்மேல் ஒட்டுவது என்று தெரியாமல்
பெல்ட் நகர்ந்துகொண்டே இருந்தது.

ஆட்டம் நின்ற நேரத்தையெல்லாம்
கடைசியில் கூட்டிக் கொடுப்பது நடுவர் வேலை.
மாற்று ஆள் இறங்கியது, அடிபட்டவனுக்குத் தண்ணீர் தெளித்தது,
நாய் ஒன்று குறுக்கே ஓடியது, எல்லாம்.
நானும் கூட்டினேன்.
பிரசவம். கொரோனாவில் கேட் பூட்டிக் கிடந்தது.
அப்பாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள்.
முட்டியில் கட்டுப் போட்டிருந்த ஆடி மாசம்.

பையிலிருந்து தாளை எடுத்தேன்.
தேதிக்கு விட்டிருந்த இடம்
மடிப்பில் சற்றுத் தேய்ந்திருந்தது.
நாளைக்கு என்ன தேதி என்று
பக்கத்து மேசை ஃபர்ஹானாவைக் கேட்டேன்.
"ஏன், சம்பளமா?" என்றாள்.