கயிற்றின் உள்ளே

பிப்ரவரி. மோன்பெட்சுவில் கடல் வெள்ளையாகக் கெட்டித்துக் கிடக்கிறது.
படகுகள் கரையேறித் தூங்குகின்றன.
பள்ளி ஜிம்மில் ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
அதை ஒட்டி நிற்கப் பதினொரு பேருக்கும் ஆசை.

ஐந்தாம் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும்
கூட்டினால்தான் அந்தப் பதினொன்று.
இருவர் நீளக் கயிறு சுற்ற
ஒன்பது பேர் ஒரே வரிசையில் ஒன்றாய்க் குதிக்க வேண்டும்.
ஒரு கால் சிக்கினால் எல்லாக் காலும் நிற்கும்.
எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

நான் சுற்றுகிறவன்.
உயரமானவன், வேறு தகுதி கிடையாது.
எதிர்முனையில் சயோ, என்னைவிட ஒரு தலை குட்டை,
கையில் அவள் அக்காவின் சிவப்புக் கையுறை.
கரும்பலகையில் இருபத்துமூன்று என்று எழுதி
ஐந்து நாளாய் யாரும் அழிக்கவில்லை.

சிக்குவது இபுகி.
ஜனவரியில் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவள்.
பனியில் நடக்கவே இன்னும் தெரியாது,
குதிக்க எங்கே தெரியப்போகிறது என்று
நான்கூட ஒருநாள் சொன்னேன்.

அவள் சிக்கும்போதெல்லாம்
ஒரே குரலில் "டொன்மாய்!" என்போம்.
பரவாயில்லை, விடு என்று பொருள்.
ஆங்கிலத்திலிருந்து எப்போதோ இறங்கி
எங்கள் ஊர்க்காரனாகிவிட்ட சொல்.
பந்து தவறினால் டொன்மாய்,
மதியச் சூப் கொட்டினாலும் டொன்மாய்.
நல்ல சொல்தான்.
சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்போம்.

ஈரத்துணியால் தரையைத் தள்ளித் துடைக்கும் நேரம்
பக்கத்தில் தவழ்ந்து வந்தவள் சொன்னாள்:
"அதை மட்டும் எனக்குச் சொல்லாதீங்க.
சிக்கினது யாருன்னு பார்க்காதவனுக்கும்
அது என் பேரைச் சொல்லிடுது."
துணியைப் பிழிந்தாள்.
வாளித் தண்ணீர் கறுத்தது.

மறுநாள் நுகாகா ஆசிரியைக்குத் தொண்டை கட்டியிருந்தது.
விசிலும் இல்லை, விளக்கமும் இல்லை.
என்னைக் காட்டினார், இபுகியைக் காட்டினார்,
விரலால் ஒரு சுழி போட்டார்:
இடம் மாறுங்கள்.

வெளியே நின்றால் கயிறு ஒரு வட்டம்.
உள்ளே அது வெறும் சத்தம்.
முதுகுக்குப் பின்னால் தரையில் ஓர் அறை,
அதற்குள் காற்றில் வேண்டும் இரண்டு பாதமும்.
வரிசையின் கடைசியில், சயோவின் கைப்பக்கம்,
கயிறு எழும்புவதே இல்லை,
தலைமுடியை உரசிக்கொண்டு போகிறது.
குனிந்தால் கால் தாமதம்.
நிமிர்ந்தால் காதில் அடி.

ஐந்து நாள் இதற்குள் குனிந்தபடி
இருபத்துமூன்று வரை வந்திருக்கிறாள்.
நான் மூன்றில் சிக்கினேன்.

ஒருவரும் டொன்மாய் சொல்லவில்லை.
அடுப்பு மட்டும் புகைந்தது.
கயிற்றைக் கீழே போட்டுவிட்டு
இபுகி கிட்டே வந்தாள்.
"எங்கே பட்டுச்சு?"
"காதுல."
"எனக்கும் அங்கேதான்."

அப்புறம் ஒரே கூச்சல்.
குட்டைகள் ஓரத்துக்கு, நெட்டைகள் நடுவுக்கு என்றான் கசுஹிதோ.
தன் கைதான் தாழ்வு என்று சயோ அழப்பார்த்தாள்.
இல்லை, என் கை உயரம் என்றேன்,
அதுவும் உண்மைதான்.
நான் முழங்காலை மடக்கினேன்,
அவள் கையைத் தோளுக்கு மேல் தூக்கினாள்.
முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்க்க
யாருக்கும் கண் இல்லை என்பதால்
கயிறு தரைக்கு வரும் ஒவ்வொரு முறையும்
சுற்றுகிற நாங்கள் கத்தினோம்:
"இப்போ! இப்போ! இப்போ!"

கடல் உடையும் முன்பே போட்டி வந்துவிட்டது.
எங்களுக்குப் பத்தொன்பது.
பழைய இருபத்துமூன்றுகூட இல்லை.
உள்ளங்கை வியர்த்து,
கயிற்றைத் தவறவிட்டது நான்.

ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
இல்லை, எட்டுப் பேர்.
இபுகி பக்கத்துத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அங்கே வேறு பள்ளி, நாற்பதைத் தாண்டிவிட்டார்கள்.
அவர்கள் வரிசையின் கடைசியில்
கழுத்தைச் சுருக்கி, குனிந்தே குதிக்கும் ஒரு பொடியனுக்காக
தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்:
"இப்போ! இப்போ!"