நடுவே ஒரு குரல்

முதல் இருபத்து மூன்று காணொளிகளிலும்
நான் பேசினேன்.
ஈசூனில் ஐந்து வெள்ளிக்குள் மதியச் சாப்பாடு,
ஈரச்சந்தையில் மீன் மலியும் நேரம்,
வேலை போனபின் ஒரு மாதம்: பாகம் ஒன்று, பாகம் இரண்டு.
எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள்
எங்கள் புளோக் மின்தூக்கி
ஒருநாளில் ஏற்றி இறக்குகிறவர்களைவிடக் குறைவு.

இருபத்து நான்காவதில் பேசவில்லை.
டிசம்பர்.
சன்னலோரம் கைப்பேசியைச் சாய்த்து
பொரித்த மீனுக்கு வெளிச்சம் பார்க்கையில்
மழை பிடித்துக்கொண்டது.
துணிக்கழிகளை உள்ளே இழுக்க ஓடியவள்
கைப்பேசியை மறந்துபோனேன்.
ஒரு மணி நாற்பது நிமிடம்:
ஏசிப் பெட்டித் தகரத்தில் மழை,
கீழே எவருடைய காரோ அலறி அடங்குவது,
தூரத்தில் ரயில்,
மறுபடி மழை.

முகாமிலிருந்து வார இறுதிக்கு வந்த மகன்
பச்சைச் சீருடைகூடக் கழற்றாமல்
அதை ஆறு தடவை ஒட்டிப் பத்து மணிநேரம் ஆக்கினான்.
‘தூங்குறவங்க பாப்பாங்கம்மா.’
தூங்குகிறவர்கள் எப்படிடா பார்ப்பார்கள்?

பார்த்தார்கள்.
போலந்தில், கொலம்பியாவில்,
எனக்கு உச்சரிக்க வராத ஊர்களில்
கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

ஒன்பது வருடம் உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில்
இரவெல்லாம் விழித்திருந்ததற்குச் சம்பளம் வாங்கினேன்.
இப்போது
அடுத்தவர் தூக்கத்துக்கு.

நூறு அமெரிக்க வெள்ளி சேர்ந்தால்தான்
பணம் கைக்கு வரும்.
தொண்ணூற்றாறு புள்ளி நாற்பதில்
நான்கு நாள் நின்றது.
‘சிவப்பு விளக்குல நின்னாலும் என் மீட்டர் ஓடும்’ என்றார்
டாக்சி ஓட்டும் குணாளன்,
‘ஒன்னோடது என்னா நொண்டுது?’

விளம்பரம் எங்கெங்கே என்று குறிக்க
திரையில் ஒரு பட்டை உண்டு.
எட்டு நிமிடத்துக்கு ஒரு மஞ்சள் கோடு வைத்தேன்,
எழுபத்து நான்கு கோடுகள்.
மறுமாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
நகர மன்றக் கட்டணம், மின்கட்டணம்,
மகனுக்கு ஒரு சோடி ஓட்டக் காலணி.
மிச்சத்தில் எனக்கென்று
ஒரு தட்டு நண்டு, குற்றவுணர்ச்சியில்லாமல்.

பிறகு அந்த இரவு.
இரண்டு மணி. சன்னலுக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
நூர் ஷஃபிக்கா வீட்டில் மழை.
குழந்தை பிறந்து ஐம்பது நாள்.
கார் அலறியது. அடங்கியது.
பதினேழாவது நிமிடம்.
என் மழை!
இருட்டில் தனியாகப் படுத்து
வெட்கமில்லாமல் சிரித்தேன்.

சிரித்து முடிக்குமுன் கணக்கு வந்துவிட்டது:
இருபத்து நான்குக்கு இன்னும் ஏழு நிமிடம்.
ஆறு.
குழந்தையின் சிணுங்கல் தணிந்தது.
மூன்று.
சுவரில் ஒருமுறை தட்டலாமா என்றிருந்தது.
எதற்கு, என்னவென்று?
காப்புறுதி வாங்கச் சொல்லி ஒருவன்
பெருமகிழ்ச்சியோடு கத்தினான்.
குழந்தை வீறிட்டது.
மழை எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

காலையில் மின்தூக்கியில் ஷஃபிக்கா,
கண்ணிரண்டும் வீங்கி:
‘மழை நல்லாத்தான் இருக்கு அக்கா,
நடுவுல எவனோ கத்துறான்.’
அந்த எவனையோ வேலைக்கு வைத்தது
நான்தான் என்று சொல்லவில்லை.
ஏழாம் மாடியிலிருந்து தரைவரை
எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
அறுபதில் விரல் நின்றது.
மிச்சம் பதினான்கை
விடியற்காலைப் பக்கம் நகர்த்திவைத்தேன்,
எப்படியும் எழுந்திருக்கிற நேரம்தானே என்று.
போலந்தில் அப்போது மணி என்னவென்று
பார்க்கவில்லை.

இந்த மாதம் நூற்றுப் பதினெட்டு.
காரணம் கேட்ட மகனிடம்
‘மழைக்காலம் முடிஞ்சிருச்சு’ என்றேன்.

நேற்று இரவு மறுபடி சுவரில் மழை.
பதினேழில் கார்.
இருபத்து நான்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மழை. மழை மட்டும்.
முப்பத்தோராவது நிமிடம்
குழந்தை அழுதது, பசிக்குத்தான்.
அது
என் கணக்கில் வராது.