மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் என் வேலை
கூண்டு ஏற்றுவது.
மேலேயிருந்து எண் சொல்வார்கள், கயிற்றை இழுப்பேன்.
ஒன்று என்றால் எங்கோ தூரத்தில்.
மூன்று என்றால் இங்கே.
கூண்டைப் பார்த்துக் காற்று நின்றதாக
இருபது வருடத்தில் ஒருநாளும் இல்லை.

மதுரை டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது
எழுதிக்கொண்டார்.

பெல்சியாவுக்குப் பதினைந்து.
அவள் அம்மா குவைத்தில், யார் வீட்டிலோ,
யார் பிள்ளைகளுக்கோ தலைவாரிக்கொண்டு.
இங்கே நானும் இவளும் ஒரு கதவும்.
கதவுதான் அதிகம் பேசியது.

பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
கோபம் அடங்காத பிள்ளைகளின் பெற்றோர் ஆய்வுக்குத் தேவை.
பிள்ளையைத்தான் படமெடுப்பார்கள் என்று கூட்டிப்போனேன்.
"மெஷினுக்குள்ள நீங்கதான் சார் படுக்கணும்."
ஒரு மாதத்துக்குப் பிறகு
பெல்சியா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

சாவி, மோதிரம், கழுத்துச் சிலுவை,
கடைசியில் திரைக்குப் பின்னால் போய்
அரைஞாண் வெள்ளி.

உள்ளே, வால்வு போன விசைப்படகு
காதோரமாய் ஓடுகிற சத்தம்.
கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி, அதில் ஒரு பட்டை.
மூளைக்குள் ஏதோ ஓரிடம் பதறினால்
பட்டை ஏறும், சிவக்கும்.
அடங்கினால் நீலமாகி இறங்கும்.
சில நொடி பிந்தித்தான் காட்டும் என்றார்கள்,
மின்னல் போனபின் வரும் இடிபோல.

காதில் அவள் குரலைப் போட்டார்கள்,
முந்தின வாரம் பதிந்தது:
"நீ ஒண்ணும் சொல்லாத. ஒனக்கு ஒண்ணுந் தெரியாது."

புத்தி சொல்ல நினைத்தேன். ஏறியது.
அவள் அம்மா படும் பாட்டை நினைத்தேன். ஏறியது.
ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன்.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை,
மாதா யார் பக்கமும் சேரவில்லை.

ஏழாவது தடவையோ எட்டாவதோ,
அலுத்துப்போய், பதில் தேட ஆளில்லாமல்
வெறுமனே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
அப்போதுதான் காதில் விழுந்தது.
கத்துவதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு எடுக்கிறாள்.
சங்கு குளிக்கிறவன் முங்குமுன் எடுப்பானே, அது.
பதினைந்து வருடமாய்ப் பக்கத்தில் இருந்தும்
கேட்டதில்லை.
பட்டை இறங்கியிருந்ததாம். நான் பார்க்கவில்லை,
அவர்கள்தான் சொன்னார்கள்.

கையில் ஒரு படம் தந்து அனுப்பினார்கள்.
குருசடைத் தீவுப் பக்கம் தண்ணீருக்கடியில்
இப்படி ஒரு பாறை உண்டு, மடிப்பு மடிப்பாய்.
பேருந்து பாலத்தில் ஏறும்போது
படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இதுல நான் எங்க இருக்கேன்?"
தெரியவில்லை என்றேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் பட்டை கிடையாது.
செவ்வாய்க்கிழமை கத்தினேன்.
வெள்ளிக்கிழமை, மூச்சு கேட்டது,
கேட்டபிறகும் கத்தினேன்.
அது இன்னும் கேவலம்.

கார்த்திகையில் ஒருநாள், மூன்றை ஏற்றிவிட்டு
நனைந்து வந்தேன்.
வாடை ஓட்டைப் பிய்க்கிறது.
குவைத் போன் அடித்து அடித்து நிற்கிறது.
"எடு" என்றேன். அவ்வளவுதான்.
சோற்றுத் தட்டு சுவரில் போய் விழுந்தது.

சூடைமீன் குழம்பு சுவரில் இறங்குவதை
இரண்டுபேரும் பார்த்தோம்.
எனக்கு நெஞ்சுக்குள் கயிறு விறுவிறுவென்று ஏறியது.
அவள் மூச்சை எடுத்தாள்.
வாயைத் திறந்த நான், ஒன்றும் வராமல்,
ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
பயிற்சியா, களைப்பா, இன்றைக்கும் தெரியாது.

எடுத்த மூச்சை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.
பிறகு கேட்டாள்:
"இப்ப என்ன கலரு?"

"செவப்பு. நல்ல செவப்பு."

"எனக்குந்தான்" என்றாள்.
துடைக்கத் துணி எடுக்கவில்லை.
கதவைச் சாத்தவும் இல்லை.

போன் மறுபடி அடித்தது.
வெளியே கம்பத்தில் கூண்டு ஆடிக்கொண்டிருந்தது.
இறக்கச் சொல்லித் தகவல்
இன்னும் வரவில்லை.