இருநூற்று ஐம்பது

கத்தரிக்காய்த் தோலின் ஊதா.
நாற்பது மில்லிகிராம் ருதேனியம் கார்பீன்.
தராசின் முன் நான் மூச்சைப் பிடிக்க, ஸஹாருதீன்
விலையை நாசி கண்டாரில் சொல்கிறான்:
ஏழு பொட்டலம், மீன்தலை இல்லாமல்.

உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே இரட்டைக் கோடு.
தாளில் போட எளிது.
வரும் சங்கிலியின் நுனியைப் பற்றி
சதுரமாக ஒரு கணம் நிற்கும்,
பிறகு சதுரம் வேறு பக்கம் உடையும்.
பட்டர்வொர்த் ஃபெரி மாதிரி என்று எழுதி
அடித்துவிட்டேன்.
ஃபெரி அதே ஃபெரியாகத்தான் கரைக்கு வரும்.
இது ஒவ்வொரு நடையிலும்
தன் கையையே மாற்றிக்கொண்டு திரும்புகிறது.

என் சங்கிலி செம்பனை எண்ணெயில் பிறந்தது.
நடுக் கார்பனில் ஓர் ஆக்ஸிஜன்,
இடம் ஒன்பது, வலம் ஒன்பது,
இரு நுனியும் திறந்த வாய்.
ஒரு நுனி மறுநுனியைப் பிடிக்க வேண்டும்.
பிடிக்காது. அடுத்த சங்கிலியைப் பிடிக்கும்,
அது அதற்கடுத்ததை.
ஜூன் மாதம் குடுவையின் அடியில் கிடைத்தது
செருப்பில் ஒட்டும் சூயிங்கம்.

ஆகவே கூட்டத்தைக் குறைத்தேன்.
ஒரு லிட்டர் கரைப்பானில் ஒரு சொட்டு.
காத்திருப்பு.
இன்னொரு சொட்டு.
பதினோரு மணி நேரம் ஊசிப் பம்ப் முனகியது.
பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால்தான்
ஒன்று தன் வாலைத் தேடுமாம்.
(இது எனக்கு வேறெதையும் நினைவூட்டவில்லை.)

இரண்டேகாலுக்கு முதல் குமிழ்.
எத்திலீன், கழற்றிவிட்ட இரண்டு கார்பன்.
கெலுகோர் சந்தையில் பச்சைத் தாரைப் பழுக்கவைப்பதும் இதுதான்.
'பீசாங் மாஸ் ஒரு சீப்பு கட்டித் தொங்கவிடலாமா?'
ஸஹாருதீனின் குறுஞ்செய்தி.
இங்கே உணவுக்குத் தடை என்று
நானே ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்பினேன்.

விடிந்தபோது ஊதா இல்லை. தே ஓ நிறம்.
எத்தில் வைனைல் ஈதர் கொஞ்சம் விட்டேன்.
உலோகம் அதை வாங்கிக்கொண்டு அடங்கியது.
இனி யாரையும் பிரிக்காது,
யாரையும் சேர்க்காது.

போட்டது இருநூற்று எழுபத்தெட்டு.
திரையில் இருநூற்று ஐம்பது.
மீதி இருபத்தெட்டு
கூரைக் குழாய் வழியே கடற்பக்கம் போயிருக்கும்.
பதினேழு கார்பன், ஒரு வளையம்.
நாற்காலியில் உட்கார்ந்தேன்,
அது நாற்காலி இல்லை, பெட்டி.

பாயான் பாரு பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்,
தொழிற்சாலை அட்டை கழுத்தில்,
இருமுறை மோந்தாள்.
"கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா? புனுகு வாசம்."
அடர்ந்தால் நாறும் பொருள் இது.
என் சட்டைக்கை வரைக்கும் நீர்த்திருக்கிறது போல.
"இல்லக்கா, நைட் ஷிஃப்ட்."
அவளும் அங்கிருந்துதான் வந்தாள்.
ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

கைப்பேசியில் தட்டினேன்:
ஏழு பொட்டலம் வாங்கி வை. மீன்தலையோடு.