பதினான்காவது கேட்

லாரிகள் ஓடும் பெருஞ்சாலை எங்களுக்கு ஆகாது.
ஐம்பதைத் தாண்டினால் எங்கள் ஸ்கூட்டரின்
கண்ணாடி இரண்டும் நடுங்கி
பின்னால் வருவதையெல்லாம் நான்கு நான்காய்க் காட்டும்.
ஆகவே தபால்கேயிலிருந்து தெற்கே
மண் ரோடு, மாட்டு ரோடு,
வரைபடத்தில் புள்ளிக் கோடாய்த் தொடங்கி
பாதியில் மனம் மாறிவிடும் ரோடு.

எழுநூறு கிலோமீட்டர்.
எலியோடோரோவுக்கு என் தம்பி தரவேண்டிய
நாற்பது ஆட்டின் காசை வாங்கி வர.
பெட்ரோலுக்கே அதைவிட ஆகும் என்று
கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுக் காட்டினேன்.
"காசுக்காகவா போகிறோம்" என்றான்.
வேறு எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

ஓட்டுவது நான். அவனுக்கு வலக்கண்ணில் புரை.
இறங்கிக் கேட் திறப்பது அவன் வேலை.
பாம்பாவில் பண்ணைக்குப் பண்ணை ஒரு கேட்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம்.
ஒன்றைத் தூக்கித் தள்ளவேண்டும்,
ஒன்றைத் திட்டவேண்டும்,
ஒன்று வெறும் கம்பிச் சுருள்,
கைவிட்டால் முகத்தில் அடிக்கும்.
திறப்பான். உருட்டிக் கடப்பேன்.
மூடுவான். ஏறுவான்.
ஸ்கூட்டர் ஒருமுறை அமுங்கும்.
அமுங்கினால் கிளம்பு. அவ்வளவுதான் எங்கள் பாஷை.

மூன்றாம் நாள். முந்தின இரவு மழை.
பதினான்காவது கேட்டைக் கடந்ததும் ஒரு பள்ளம்.
ஸ்கூட்டர் அமுங்கியது.
கிளம்பினேன்.

பின்னால் ஓர் ஆள்காட்டிக் குருவி
தொண்டை கிழியக் கத்தியது.
எந்த ஆளைக் காட்டுகிறது என்று
யார் யோசித்தார்கள்.
இருபுறமும் சூரியகாந்தி,
முற்றிக் கறுத்து, வெயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு
தன் காலைப் பார்த்து நிற்கும் சூரியகாந்தி.
ஓடும் வண்டியில் முன்னால் இருப்பவர் சொல்வது
பின்னால் இருப்பவர் காதில் பாதிதான் விழும்.
அந்த தைரியத்தில் வாய் திறந்தேன்.

எலியோடோரோ, அந்த வறட்சி வருஷம்,
தொட்டியில் தண்ணீர் தேடிக் குட்டிகள் விழுந்து செத்ததே,
அந்த வாரம் ரொசாரியோவுக்கு டிக்கெட் வாங்கினேன்.
ஒரு டிக்கெட்.
ஒன்பது நாள் மாவு டப்பாவுக்குள் இருந்தது.
நீ அதே மாவில்தான் ரொட்டி தின்றாய்.
பத்தாம் நாள் விடிகாலை மழை கொட்டியது.
நீ முற்றத்தில் சட்டையில்லாமல் நின்று சிரித்தாய்.
ரோடெல்லாம் சேறு. பஸ் வரவில்லை.
அதனால் இருந்தேன்.
உன்னால் என்று இத்தனை நாள்
நீ நினைத்துக்கொண்டிருந்தால், அது மழை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.
கண்கூட கொஞ்சம் கலங்கியது.

பதினைந்தாவது கேட். நிறுத்தினேன்.
"இறங்கு" என்றேன்.
"இறங்கேன்."
திரும்பினால்
கூடாரத் துணி, தெர்மாஸ்,
கயிறு போட்டுக் கட்டிய மூட்டை.

பதினொரு கிலோமீட்டர் திரும்பினேன்,
என் டயர் தடத்தின் மேலேயே,
சொன்னதெல்லாம் வழியில் எங்காவது
கிடக்கிறதா என்று பார்த்தபடி.

கேட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்.
காலுறையைக் கம்பியில் காயப்போட்டிருந்தான்.
தொங்கிய கொண்டியைத் தன் பூட்ஸ் கயிற்றால்
இறுக்கிக் கட்டியும் விட்டிருந்தான்,
அடுத்து வருகிற யாருக்கோ.
"தெர்மாஸ் உன்னிடம். மாத்தே குவளை என்னிடம்.
எப்படியும் வருவாய் என்று தெரியும்" என்றான்.
பிறகு, காலுறையை உதறிக்கொண்டே,
"வழியில் பேசினாயா?"
"டயரில் காற்றில்லை என்றேன்."
குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.
"நன்றாகத்தானே இருக்கிறது."

அதன்பிறகு ஒவ்வொரு கேட்டிலும்
ஏறியதும் என் முதுகில் இரண்டு தட்டு.
இருக்கிறேன், போ.
இருபதாவது, முப்பத்தொன்றாவது.
மாலையில் கேட்டே இல்லாத நேர் ரோடு,
உப்பளத்தின் வெள்ளை ஓரத்தில்,
இரண்டு தட்டு.
பிரேக் போட்டேன். "என்ன?"
"ஒன்றுமில்லை. ஓட்டு."

தம்பி இருபத்தெட்டு ஆட்டுக்குத்தான் கொடுத்தான்.
மீதி அடுத்த வருஷம்,
நேரில் வந்தால்தான் தருவேன் என்றான்.
சரி என்றேன்,
எலியோடோரோவைக் கேட்காமலேயே.