பூச்சியத்துக்குக் கீழே

மூன்று வாரம் வினிபெக்கில் என் அறையிலிருந்தே
முட்டிப் பார்த்தேன்.
டோஃபின் ஊர்த் தண்ணீர் அலுவலகம் அசையவில்லை.
சுவர் நல்ல சுவர்.
கடவுச்சொல் ஒவ்வொன்றும் கூட்ஸ் வண்டி நீளம்.
போனைத் தொட்டு ‘நான்தான்’ என்று சொல்லாமல்
ஒரு கோப்பும் வாய் திறக்காது.

கர்லிங் போட்டிக்குப் பெயர் கொடுங்கள் என்று
ஒரு தூண்டில் மின்னஞ்சல் போட்டேன்.
நாற்பத்தொரு பேரில் ஒருத்தி தொட்டாள்,
தொட்ட கையோடு தானே போய்ச் சொல்லியும் விட்டாள்.
(அறிக்கையில் அவளைப் பாராட்டியிருக்கிறேன்.)

மேலாளரின் குரல் இணையத்தில் கிடக்கிறது,
ஏதோ திறப்பு விழாப் பேச்சு.
முப்பது விநாடி போதும்,
அவர் தொண்டையை இரவல் வாங்கி
அவர் ஆட்களுக்கே கட்டளை போடலாம்.
அது மட்டும் கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள்.
எனக்கும் நிம்மதி.

ஆகவே கார். விடியுமுன் மூன்றரை மணிநேரம்.
ஜனவரி பதினாறு, காலை எட்டுப் பத்து,
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
கழுத்தில் முந்தின இரவு நானே அச்சடித்த அட்டை:
பெயர் நிலுஜா, பிரிண்டர் திருத்துபவள்.
காகிதத் தட்டில் நாலு கோப்பி.
இரண்டு கையும் நிறைந்தவளிடம்
யாரும் அட்டை கேட்பதில்லை.

அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.
கண்ணாடி வழியே என்னைக் கண்டு
திரும்ப ஓடிவந்தார், தொப்பியில்லாமல்,
காது சிவக்க.
முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டு
“வா பிள்ளை, வா, உறைஞ்சு போவாய்” என்ற மாதிரி
ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.
என் மூக்குக்கண்ணாடி புகை மூடியது.
துடைக்க டிஷ்யூ எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

பிரிண்டருக்குப் பின்னால்
நகமளவு பெட்டி ஒன்றைச் செருகினேன்.
பதினேழு நிமிடம்.
ஊர்த் தண்ணீரின் குளோரின் அளவு
என் மடிக்கணினியில் பச்சை எண்ணாக ஓடியது.
தொடவில்லை. படம் மட்டும் எடுத்தேன்.

எங்கள் தொழிலில் இதற்கு மருந்து உண்டு,
பூச்சிய நம்பிக்கை என்று பெயர்.
யாரையும் நம்பாதே, உள்ளே இருப்பவனையும்;
ஒவ்வொரு முறையும் கேள்.
மேடையில் நானே பேசியிருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.
அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குள்
அரை மணிநேரம் கர்சர் கண்சிமிட்டியது.
கவனக்குறைவு என்று எழுதி அழித்தேன்.
குளிர் என்று எழுதி அழித்தேன்.
கடைசியில் ‘அடையாளம் சரிபார்க்கப்படவில்லை’.
யார் என்று கேட்டார்கள்.
பெயர் எழுதுவது வழக்கமில்லை என்றேன்.
கேமராவில்தான் இருக்கிறதே, என்றார் மேலாளர்,
சுட்டியை நகர்த்திக்கொண்டு.
“ஓ, ஓரெஸ்ட்.”

அடுத்த ஜனவரி மறுபரிசோதனை.
ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு,
புதிது, என் பரிந்துரை எண் நான்கு.
கீழே இருபத்தொன்பது. கண்வரை மப்ளர்.
கையில் நாலு கோப்பி.

அவர் வந்தார். பார்த்தார்.
கை தானாகக் கதவுப் பிடிவரை போனது.
பிறகு சுவரிலிருந்த அழைப்புப் பொத்தானைக்
காட்டினார், உள்ளேயிருந்து, மன்னிப்புக் கேட்பதுபோல்
உள்ளங்கையை விரித்து.
போகவுமில்லை. நான் அழுத்துவேனா என்று
நின்றுகொண்டேயிருந்தார்.

‘சரிசெய்யப்பட்டது.’ பச்சை.
காரில் இருந்து ஒரு கோப்பியைக் குடித்தேன்.
மற்ற மூன்றும் போர்டேஜ் வருவதற்குள்
தட்டிலேயே பனிமேல் கட்டின.